கரோலின் மதில்டா போன வழியில: கோபன்ஹேகன்ல இருந்து செல்லே வரைக்கும்

ஞாயிறு, கோபன்ஹேகன்

இந்த ட்ரிப் முழுக்க ஒரே ஒரு பொண்ணைத் தேடித்தான். பேரு கரோலின் மதில்டா. இங்கிலாந்து ராஜா மூணாம் ஜார்ஜோட கடைசித் தங்கச்சி, 1766-ல பதினஞ்சு வயசுல டென்மார்க் ராஜா ஏழாம் கிறிஸ்டியனுக்குக் கட்டிக்கொடுத்தாங்க, இருபது வயசுல கைது, இருபத்திமூணு வயசுல ஜெர்மனியில ஒரு சின்ன ஊர்ல செத்துப்போனா. அவளைப் பத்தி யார் எழுதினாலும் "டாக்டரைக் காதலிச்ச ராணி"ன்னு ஆரம்பிச்சு அங்கயே முடிச்சுடறாங்க. எனக்கு அது ரொம்ப நாளா ஆறவே இல்ல. டாக்டர் வர்றதுக்கு முன்னாடி அவ எப்படி இருந்தா, அவன் போனதுக்கு அப்புறம் அவ என்ன ஆனா, இதை அவ இருந்த இடங்கள்ல நின்னு பார்க்கணும்னு ஆசை. கூட அத்தை வந்திருக்காங்க (என் வீட்டுக்காரரோட அம்மா, முப்பது வருஷத்துக்கு மேல ஸ்கூல்ல ஹிஸ்டரி எடுத்தவங்க). நான் இப்படி ஒரு பிளான் சொன்னதும் அவங்கதான் முதல்ல பாஸ்போர்ட்டை எடுத்து வெச்சாங்க.

மெட்ரோல காம்மெல் ஸ்ட்ராண்ட்ல இறங்கி ஒரு சின்ன பாலம் தாண்டினா கிறிஸ்டியான்ஸ்போர்க். இப்ப டென்மார்க் பார்லிமென்ட் இருக்கிற கட்டடம். கரோலின் கல்யாணம் ஆகி வந்த அரண்மனை இது இல்ல, அது 1794-ல எரிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் கட்டினதும் எரிஞ்சு இப்ப இருக்கிறது மூணாவது. ஆனா பின்னாடி இருக்கிற குதிரை மைதானமும் அதைச் சுத்தி இருக்கிற வரிசைக் கட்டடங்களும் அந்த முதல் தீயில தப்பிச்சிருக்கு. அதுல குதிரை லாயத்துக்கு மேல ஒரு தியேட்டர் இருக்கு, ஹோஃப்தியாட்ரெட்னு பேரு, அரண்மனை நாடக அரங்கம். 1767-ல திறந்தது. அதாவது இவ வந்த அடுத்த வருஷம். இப்ப அது நாடக மியூசியம்.

படி ஏறும்போதே குதிரை வாசனை வருது, கீழ இன்னமும் அரச குடும்பத்துக் குதிரைங்களைக் கட்டி வெச்சிருக்காங்க. உள்ள போனா நான் நினைச்சதுல பாதி கூட இல்ல, அவ்ளோ சின்ன அரங்கம். உள் அலங்காரமெல்லாம் 1842-ல மாத்தினது, ஆனா இடம் அதே இடம். 1772 ஜனவரி 16 ராத்திரி இங்க முகமூடி டான்ஸ். ராணியும் வந்தா, ராஜாவோட டாக்டரா வந்து நாட்டையே நடத்திட்டிருந்த ஸ்ட்ரூன்சேயும் வந்தான், ரெண்டு பேரும் சேர்ந்து ஆடினாங்க. ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் தூங்கப் போனதும் ராஜாவோட சித்தி யூலியானா மரியாவும் அவங்க ஆளுங்களும் ராஜாவை எழுப்பி, பயமுறுத்தி, கைது உத்தரவுல கையெழுத்து வாங்கிட்டாங்க. விடியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுச்சு.

மேடைப் பக்கம் ஒரு மரக் கைப்பிடி, ஆயிரம் கை பட்டு வழவழன்னு கருத்துக் கிடந்துச்சு. அத்தை அதைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் கீழ அந்தச் சின்னத் தளத்தையே பார்த்துட்டு இருந்தாங்க. "இவ்ளோ பக்கத்துலயா ஆடியிருப்பாங்க? ஒருத்தர் மூச்சு ஒருத்தர் மேல படுமேம்மா. இதுல யார்கிட்டயும் எதையும் மறைக்கவே முடியாது"ன்னாங்க. உண்மைதான். சதி பண்ணவங்களும் அதே ராத்திரி அதே ஹால்லதான் சுத்திட்டு இருந்திருக்காங்க.

சாயங்காலம் அமாலியன்போர்க். நாலு பக்கமும் நாலு அரண்மனை, நடுவுல குதிரை மேல ராஜா அஞ்சாம் ஃபிரெடரிக், அதாவது கரோலினோட மாமனார், ஆனா இவ வர்றதுக்கு முன்னாடியே அவர் போய்ச் சேர்ந்துட்டார். இந்தச் சிலைக்குப் பணம் கொடுத்தது டேனிஷ் ஏசியாட்டிக் கம்பெனி. எங்களுக்குச் சொந்த ஊர் மாயவரம், தரங்கம்பாடி பக்கத்துலதான், அதனால இந்தக் கம்பெனிப் பேரைப் பார்த்ததும் அத்தை முகத்துல ஒரு வெளிச்சம். 1732-ல இருந்து 1777 வரைக்கும் தரங்கம்பாடி அந்தக் கம்பெனி கையிலதான் இருந்துச்சு, அப்புறம் நேரா அரசாங்கம் எடுத்துக்கிச்சு. சிலை திறந்தது 1771-ல, கரோலினும் ஸ்ட்ரூன்சேயும் உச்சத்துல இருந்த வருஷம். தரங்கம்பாடியில அடிச்ச காசுகள்ல "சி7"னு ஒரு முத்திரை இருக்கும் பார்த்திருக்கீங்களா, அது இவ புருஷன் ஏழாம் கிறிஸ்டியனோட எழுத்து. நம்ம ஊர்க் கடைத்தெருவுல கை மாறின காசுல பேர் இருந்த மனுஷன் இங்க ராத்திரியில குடிச்சுட்டு ரோட்டுல போறவங்களோட சண்டை போட்டுட்டு இருந்திருக்கார், பாவம், மனநோய், அந்தக் காலத்துல அதுக்குப் பேரும் கிடையாது வைத்தியமும் கிடையாது.

இதே சதுக்கத்துல ஒரு அரண்மனையிலதான் இப்ப ராணி மேரி இருக்காங்க. ஆஸ்திரேலியா, டாஸ்மேனியாவுல ஹோபார்ட்ல பிறந்தவங்க, 2000 ஒலிம்பிக்ஸ் சமயத்துல சிட்னியில ஒரு பார்ல இளவரசர் ஃபிரெடரிக்கைப் பார்த்தாங்க, 2004 மே மாசம் கல்யாணம், 2024 ஜனவரியில மார்கிரேத ராணி பதவி விலகினதும் இவங்க ராணி. வெளியில செல்ஃபி எடுக்கிற கூட்டம் அவங்களுக்காகத்தான் நிக்குது. எனக்கும் அவங்களைப் பிடிக்கும். ஆனா கல்யாணத்தப்ப அவங்களுக்கு முப்பத்திரெண்டு வயசு, படிச்சு வேலை பார்த்து, தானா ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து வந்தவங்க. கரோலினுக்கு மாப்பிள்ளையோட முகமே படத்துலதான் தெரியும்.

திங்கள், ரோஸ்கில்ட

ரயில்ல அரை மணி நேரம் கூட ஆகல. ரோஸ்கில்ட கதீட்ரல் முழுக்க செங்கல் கட்டடம், டென்மார்க் ராஜா ராணிங்க எல்லாரையும் நூத்துக்கணக்கான வருஷமா இங்கதான் புதைக்கிறாங்க. நாங்க நேரா போனது அஞ்சாம் ஃபிரெடரிக் சேப்பலுக்கு. வெள்ளை வெளேர்னு, மேல குவிமாடம், வெளிச்சம் கொட்டுது, கல்பெட்டிங்க வரிசையா. மாமனார் இருக்கார். அவரோட முதல் மனைவி லூயிசா இருக்காங்க, அவங்களும் இங்கிலாந்துப் பொண்ணுதான், கரோலினோட சொந்த அத்தை. ஆமா, கிறிஸ்டியனும் கரோலினும் அத்தை பையன், மாமன் பொண்ணு முறை. (இதைச் சொன்னதும் அத்தை "அப்ப நம்ம ஊர் மாதிரி முறைமாப்பிள்ளையா"ன்னு கேட்டாங்க. ஆமா அதேதான்.) ரெண்டாம் மனைவி யூலியானா மரியா இருக்காங்க, அவங்களும் ஜெர்மனியில பிரவுன்ஷ்வைக்ல இருந்து வாக்கப்பட்டு வந்தவங்கதான். புருஷன் கிறிஸ்டியன் இருக்கார். மகன் ஆறாம் ஃபிரெடரிக் இருக்கார்.

கரோலின் இல்ல. அவளுக்கு இங்க இடம் கொடுக்கல.

இதைத் தெரிஞ்சுதான் போனேன், ஆனாலும் அந்த வரிசையில புருஷனுக்கும் மகனுக்கும் நடுவுல அவளைத் தேடி கண்ணு போறதைத் தடுக்க முடியல.

இங்க இன்னொரு விஷயம் இருக்கு, அதைச் சொல்லியே ஆகணும். கரோலினுக்கு ரெண்டு குழந்தைங்க. பெரியவன் ஃபிரெடரிக், 1768 ஜனவரியில பிறந்தவன். ரெண்டாவது லூயிசே அகுஸ்தா, 1771 ஜூலையில. அந்தப் பொண்ணு ராஜாவோட குழந்தை இல்ல ஸ்ட்ரூன்சேவோடதுன்னு அப்பவே ஊரே பேசிச்சு, இன்னைக்கும் சரித்திரம் எழுதுறவங்க பெரும்பாலும் அப்படித்தான் சொல்றாங்க, ஆனா ராஜா தன் மகளாவே ஏத்துக்கிட்டதால இளவரசியாவே வளர்ந்தா. அவளுக்குப் பிறந்த பொண்ணு பேரு கரோலின் அமாலியா. அவ கல்யாணம் பண்ணிக்கிட்டது யாரை தெரியுமா, யூலியானா மரியாவோட பேரனை! அவர்தான் பின்னாடி எட்டாம் கிறிஸ்டியன். கரோலினைத் துரத்தின அம்மாவோட பேரனும் கரோலினோட பேத்தியும் சேர்ந்து 1839-ல டென்மார்க் ராஜா ராணி ஆனாங்க, ரெண்டு பேரும் இதே சேப்பல்ல இருக்காங்க. 1845-ல தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரங்களுக்கு வித்தது இந்த எட்டாம் கிறிஸ்டியன் காலத்துலதான். அத்தை அந்தப் பேத்தியோட பெட்டி முன்னாடி நின்னு கும்பிட்டாங்க. "பாட்டிக்குக் கிடைக்காதது பேத்திக்காவது கிடைச்சுதே"ன்னு சொன்னாங்க, எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

மகன் கதையும் சின்னது இல்ல. அம்மாவைக் கூட்டிட்டுப் போனப்ப அவனுக்கு நாலு வயசு கூட முழுசா ஆகல. அதுக்கப்புறம் அவளை அவன் பார்க்கவே இல்ல. பதினாறு வயசுல, 1784 ஏப்ரல்ல, மந்திரி சபைக் கூட்டத்துல திடீர்னு எழுந்து ஒரு பேப்பரை நீட்டி அப்பாகிட்ட கையெழுத்து வாங்கி, சித்திப் பாட்டி கூட்டத்தை அதிகாரத்துல இருந்து இறக்கிட்டான். அம்மாவுக்கு எந்த வழியில நடந்துச்சோ அதே வழி, ராஜாவோட ஒரு கையெழுத்து. அவன் கையில ஆட்சி வந்ததுக்கு அப்புறம்தான் 1788-ல விவசாயிங்களைப் பண்ணையோட கட்டிப்போட்ட சட்டத்தை எடுத்தாங்க, 1792-ல அடிமை வியாபாரத்தை நிறுத்தச் சட்டம் போட்டாங்க, அது அமலுக்கு வந்தது 1803-ல. நம்ம தரங்கம்பாடி நுழைவாயில் இருக்கே, அந்த வெள்ளை வளைவு, அதுவும் 1792-தான்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு கருப்பு ரொட்டி மேல உருளைக்கிழங்கு, வறுத்த வெங்காயம் போட்டு ஸ்மோரப்ரோ. அத்தை சைவம், அவங்களுக்கு அதுதான் கிடைச்சுது, ஆனா நல்லா ரசிச்சு சாப்பிட்டாங்க.

செவ்வாய், ஹோர்ஸ்ஹோல்ம்

ரயில், அப்புறம் பஸ். கோபன்ஹேகனுக்கு வடக்க அமைதியான பணக்கார ஊர். டூரிஸ்ட் யாரும் வர்றது இல்ல. ஒரு குளம், குளத்து நடுவுல தீவு, தீவுல ஒரு சர்ச். அந்த சர்ச் நிக்கிற இடத்துலதான் ஹிர்ஷ்ஹோல்ம் அரண்மனை இருந்துச்சு. 1771 கோடையில கரோலின் இங்கதான் இருந்தா, மகளைப் பெத்தது இங்கதான். அவ போனதுக்கு அப்புறம் யாரும் தங்காம விட்டு, 1810-ஐ ஒட்டி மொத்தமா இடிச்சுட்டாங்க. 1823-ல சர்ச் வந்துச்சு.

பார்க்க ஒண்ணும் இல்லைன்னு யாராவது சொல்லலாம். நான் இங்க ரெண்டு மணி நேரம் புல்லுல உட்கார்ந்து இருந்தேன். ஏன்னா அவ வாழ்க்கையில சந்தோஷமா இருந்த இடம் இது ஒண்ணுதான்.

டென்மார்க் வந்த புதுசுல அவ நிலைமை எப்படின்னா, கண்ணைக் கட்டி காட்டுல விட்ட கதைதான். லண்டன்ல மாப்பிள்ளை இல்லாமலே கல்யாணம், மாப்பிள்ளைக்குப் பதிலா நின்னது சொந்த அண்ணன். எல்லையில கூட வந்த இங்கிலாந்துப் பொம்பளைங்களைத் திருப்பி அனுப்பிட்டாங்க. அரண்மனையில பேசினது ஜெர்மனும் ஃபிரெஞ்சும். புருஷனுக்குப் பதினேழு வயசு, பொண்டாட்டியை நேசிக்கிறது ஃபேஷன் இல்லைன்னு வெளிப்படையாவே சொல்லிட்டு ஊர்ல இன்னொருத்தியோட சுத்தினார். அவளுக்கு ஆதரவா இருந்த ஒரே பெரிய மனுஷி, ஃபான் பிளெஸ்ஸென்னு ஒரு அம்மா, அவங்களையும் 1768-ல வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. அந்த வருஷம் ராஜா ஐரோப்பா டூர் கிளம்பினார், லண்டனுக்கே போனார், அவ பிறந்த வீட்டுக்கே! கூட கூட்டிட்டுப் போகல. பதினேழு வயசுல கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு கோபன்ஹேகன்ல தனியா இருந்தா.

அந்த டூர்ல ராஜாவுக்கு டாக்டரா சேர்ந்தவன்தான் ஸ்ட்ரூன்சே. ஆல்டோனாவுல ஏழைங்களுக்கு வைத்தியம் பார்த்துட்டு இருந்த ஜெர்மன்காரன். முதல்ல அவளுக்கு அவனைப் பிடிக்கலை, புருஷனோட ஆளு ஆச்சே. 1770-ல அவ பையனுக்கு அம்மை தடுக்க அவன் அம்மைப்பால் குத்தினான், ரெண்டு பேரும் குழந்தை பக்கத்துல ராத்திரி பகலா உட்கார்ந்து பார்த்துக்கிட்டாங்க. அதுலதான் நெருக்கம் வளர்ந்துச்சு. ஒரு டாக்டர் பிள்ளையைக் காப்பாத்தறான், அம்மா அவனை நம்பறா. இதுல எனக்கு ஆச்சரியப்பட ஒண்ணுமே தெரியல.

அதுக்கப்புறம் நடந்தது காதல் மட்டும் இல்ல, அதான் நான் சொல்ல வர்றது. 1770 செப்டம்பர்ல டென்மார்க்ல பத்திரிகைத் தணிக்கையை முழுசா எடுத்தாங்க, உலகத்துலயே முதல் நாடுன்னு சொல்வாங்க. விசாரணையில சித்ரவதையை நிறுத்தினாங்க. பதினாறு மாசத்துல ஆயிரத்துக்கு மேல ஆணை. எல்லாம் ஸ்ட்ரூன்சே கையெழுத்துன்னுதான் புஸ்தகத்துல இருக்கும், ஆனா ராணி கூட நிக்கலைன்னா ஒரு ஊர் டாக்டரால அந்த அரண்மனையில ஒரு நாற்காலியைக் கூட நகர்த்தியிருக்க முடியாது. அவளும் தன் பங்குக்கு மாறினா. ஆம்பளை டிரஸ்ல கால் ரெண்டு பக்கமும் போட்டு குதிரை ஓட்டினா, ஊர் வாயடைச்சுப் போச்சு. பையனை மெல்லிசு துணி, எளிய சாப்பாடு, பச்சைத் தண்ணி குளியல்னு சாதாரணமா வளர்த்தாங்க, அதுக்கும் "இளவரசனைக் கொடுமைப்படுத்தறாங்க"ன்னு பேச்சு. இதுல கொடுமை என்னன்னா, தணிக்கை போனதும் முதல்ல அச்சுல வந்து குவிஞ்சது இவளையும் அவனையும் பத்தின அசிங்கமான துண்டுப் பிரசுரங்கள்தான்.

தீவைச் சுத்தி ஒரு நடைபாதை இருக்கு. குழந்தை வண்டி தள்ளிட்டு ரெண்டு அம்மாங்க போனாங்க. தண்ணி பச்சையா, வாத்துக் கூட்டம். அத்தைகிட்ட அவ இங்க குழந்தையோட இருந்ததைச் சொல்லிட்டே சுத்தி வந்தோம்.

புதன், ஹெல்சிங்கோர்

குரோன்போர்க் கோட்டை ஸ்டேஷன்ல இருந்தே தெரியுது. உலகம் முழுக்க இருந்து வர்ற கூட்டம் ஷேக்ஸ்பியர் நாடகத்து இளவரசன் ஹாம்லெட்டுக்காக வருது, வாசல்ல இருந்து கடை வரைக்கும் அவன் பேர்தான். கீழ பாதாளத்துல தூங்கற வீரனோட சிலை முன்னாடி பெரிய கியூ. நாங்க மேல கொத்தளத்துக்குப் போனோம்.

எதிர்ல ஸ்வீடன், நாலு கிலோமீட்டர்தான், ஹெல்சிங்போரி வீடுங்க தனித்தனியா தெரியுது, ஃபெர்ரி போயிட்டும் வந்துட்டும் இருக்கு. இந்தக் குறுகலான கடல்ல போற ஒவ்வொரு கப்பலும் டென்மார்க்குக்குச் சுங்கம் கட்டணும், 1857 வரைக்கும் அப்படித்தான். அதாவது இங்கிலாந்துக் கப்பலுங்க தினமும் இந்தக் கோட்டைக்கு முன்னாடி போயிருக்கும். அவ அதையெல்லாம் பார்த்துட்டு இருந்திருக்கணும். கைதான அந்த ஜனவரியில கரோலினை இந்தக் கோட்டையிலதான் கொண்டு வந்து அடைச்சாங்க, கூட ஆறு மாசக் கைக்குழந்தை, பையனைக் கொடுக்கல. பிப்ரவரியில லண்டன்ல அவ அம்மா இறந்துட்டாங்க. அப்பா முகமே அவளுக்குத் தெரியாது, அவ பிறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார். மார்ச்ல அதிகாரிங்க வந்து ஸ்ட்ரூன்சே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்னு சொல்லி இவகிட்டயும் கையெழுத்து வாங்கினாங்க. ஏப்ரல் 6 விவாகரத்து. ஏப்ரல் 28 ஸ்ட்ரூன்சேயையும் அவன் நண்பன் பிரான்ட்டையும் கோபன்ஹேகனுக்கு வெளியில மேடை போட்டு, முதல்ல வலது கையை வெட்டி, அப்புறம் தலையை வெட்டினாங்க. பெரும் கூட்டம் வேடிக்கை பார்த்துச்சு. ஸ்ட்ரூன்சேவுக்கு முப்பத்திநாலு வயசு.

அண்ணன் மூணாம் ஜார்ஜ் போர்க்கப்பலை அனுப்பறேன்னு மிரட்டினதுலதான் இவளுக்கு விடுதலையே கிடைச்சுது. ஆனா இங்கிலாந்துக்குக் கூப்பிடல, மானம் போயிடுமாம். தன் ஆட்சியில இருந்த ஹானோவர் பக்கம் செல்லேங்கற ஊர்ல போய் இருன்னு சொல்லிட்டான். மே மாசக் கடைசியில கப்பல் வந்துச்சு. குழந்தையைக் கூட்டிட்டுப் போக அனுமதி இல்ல, சட்டப்படி அது டென்மார்க் இளவரசி. பத்து மாசக் குழந்தை.

கொத்தளத்துல பழைய பீரங்கிங்க கடலைப் பார்த்து வரிசையா நிக்குது. அத்தை ஒரு பீரங்கி மேல கை வெச்சுக்கிட்டு, "பொறந்த வீட்டுல கூப்பிடலை, புகுந்த வீட்டுல பிள்ளையைக் கொடுக்கலை. அண்ணன்காரன் மட்டும் ஒரு வார்த்தை இங்க வந்துடும்மான்னு சொல்லியிருந்தா?"ன்னு கேட்டாங்க. அத்தைக்கு நாலு அண்ணன். அவங்க குரல் கொஞ்சம் மாறிப் போச்சு, நான் ஒண்ணும் கேக்கல.

வியாழன், ஆல்டோனா

கோபன்ஹேகன்ல இருந்து ஹாம்பர்க் ரயில்ல கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். ஆல்டோனா இப்ப ஹாம்பர்க்ல ஒரு ஏரியா, ஆனா 1864 வரைக்கும் டென்மார்க் ராஜாவுக்குக் கட்டுப்பட்ட தனி ஊர். 1766 அக்டோபர்ல இங்கதான் கரோலினோட கூட வந்தவங்க எல்லாம் அழுது விடை வாங்கிட்டுப் போனாங்க. ஸ்ட்ரூன்சே வைத்தியம் பார்த்த ஊரும் இதுவே, அவன் பேர்ல ஒரு தெரு இருக்கு, நடந்து பார்த்தோம், அடுக்குமாடி வீடுங்க, சைக்கிளுங்க, வேற ஒண்ணும் இல்ல. அவளுக்கு இங்க எதுவும் என் கண்ணுல படல. மழை வேற, சீக்கிரம் ரூமுக்கு வந்துட்டோம்.

வெள்ளி, செல்லே

வந்ததும் மனசு லேசாச்சு, அவ்ளோ அழகான ஊர். மரச்சட்டம் போட்ட பழைய வீடுங்க நூத்துக்கணக்குல, ஒவ்வொரு உத்தரத்துலயும் எழுத்து செதுக்கி கலர் அடிச்சு. ஊர் நடுவுல சர்ச், அதோட டவர் மேல ஏறி ஒருத்தர் தினமும் டிரம்பெட் ஊதறார். நாலு பக்கமும் திரும்பி ஊதறார், கீழ காய்கறி வாங்கறவங்க அண்ணாந்து கூட பார்க்கல, அவங்களுக்குப் பழகிப்போச்சு.

அரண்மனை வெள்ளையா, அகழிப் பூங்காவுக்கு நடுவுல. 1772 அக்டோபர்ல வந்தா. இங்க ஒரு சின்ன நாடக அரங்கம் இருக்கு, பதினேழாம் நூற்றாண்டு, ஜெர்மனியிலயே ரொம்பப் பழசுல ஒண்ணு, மூடிக் கிடந்ததை இவ வந்துதான் திரும்பத் திறந்து நாடகம் போட வெச்சா. எனக்கு இது ரொம்ப முக்கியமா பட்டுச்சு. அவளைக் கைது பண்ண ராத்திரி ஒரு தியேட்டர்லதான் ஆடிட்டு இருந்தா, அதுக்கப்புறமும் அவ தியேட்டரை வெறுக்கல. உடைஞ்சு மூலையில உட்கார்ந்த பொண்ணு பண்ற வேலை இல்ல இது. இன்னும் ஒண்ணு, 1774-ல இருந்து ராக்ஸால்னு ஒரு இங்கிலீஷ் இளைஞன் மூலமா டென்மார்க்ல இருந்து ஓடி வந்தவங்களோட ரகசியமா பேச்சு நடந்துச்சு, இவளைத் திரும்ப ஆட்சிக்குக் கொண்டு வர. அண்ணனுக்கும் தகவல் போச்சு, அவர் பட்டும் படாம இருந்தார். இவ தயாராத்தான் இருந்தா. பிள்ளைங்க அங்க இருக்கே.

1775 மே 10-ஆம் தேதி செந்நச்சுக் காய்ச்சல்ல (ஸ்கார்லெட் ஃபீவர்) இறந்துட்டா. சில நாள் காய்ச்சல், அவ்ளோதான்.

சனி, செல்லே

காலையில பிரெஞ்சுத் தோட்டம். லிண்டன் மர வரிசைக்கு நடுவுல நடந்தா ஒரு பளிங்கு நினைவுச்சின்னம், 1784-ல வெச்சது, லைப்சிக் ஓவியர் ஓசர் செஞ்சது. பணம் போட்டது டென்மார்க்கும் இல்ல இங்கிலாந்தும் இல்ல, இந்தப் பகுதி ஆளுங்க. மூணு வருஷம் கூட முழுசா இங்க வாழாத பொண்ணுக்கு. பளிங்குல பாசி ஏறி மடிப்புல எல்லாம் பச்சைக் கோடு, பக்கத்துல தேனீ ஆராய்ச்சி நிலையம் இருக்கறதால தேனீ சத்தம். அத்தை ரூம்ல இருந்து கொண்டு வந்த ரெண்டு ரோஜாவை அடியில வெச்சாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல, ஒரு வயசான அம்மா நின்னு பார்த்து தலையை ஆட்டிட்டுப் போனாங்க.

அப்புறம் சர்ச். நிலவறையில பிரபுக் குடும்பத்துப் பெட்டிங்களுக்கு நடுவுல கரோலின் இருக்கா. அதே நிலவறையில இன்னொரு பெட்டி, ஸோஃபியா டோரோதியா. இவங்களைத் தெரியாதவங்களுக்கு: இதே செல்லே அரண்மனைப் பொண்ணு, ஹானோவர் இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்தாங்க, அவர்தான் பின்னாடி இங்கிலாந்து ராஜா முதலாம் ஜார்ஜ். வேற ஒருத்தனைக் காதலிச்சதா சொல்லி 1694-ல விவாகரத்து, அந்த ஆளு காணாமலே போயிட்டான், இவங்களை ஆல்டன்ங்கற ஊர்ல அடைச்சு வெச்சாங்க, 1726-ல சாகற வரைக்கும், முப்பது வருஷத்துக்கும் மேல. பிள்ளைங்களைத் திரும்பப் பார்க்கவே விடல. அந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்தர் ரெண்டாம் ஜார்ஜ், அவரோட மகன் ஃபிரெடரிக், அவரோட கடைசிப் பொண்ணு கரோலின் மதில்டா. கொள்ளுப்பாட்டியும் கொள்ளுப்பேத்தியும். அதே குத்தச்சாட்டு, அதே தண்டனை, ஒரே நிலவறை.

கொள்ளுப்பாட்டி கதை அந்தக் குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும். மூணாம் ஜார்ஜுக்கும் தெரியும். தெரிஞ்சும் தங்கச்சியை அதே ஊருக்கு அனுப்பினார் பாருங்க, இதை என்னால மன்னிக்க முடியல. கரோலினை அடைச்சு வைக்கல, நல்லபடியா பார்த்துக்கிட்டாங்க, அது வேற. ஆனா பிள்ளைங்களை வாங்கிக் கொடுக்க கப்பல் வெச்சிருந்த ஒரே ஆளு அவர்தான்.

அத்தை இப்ப ஹோட்டல்ல மேப்பை விரிச்சு வெச்சு ஆல்டனுக்கு பஸ் எங்க மாறணும்னு பார்த்துட்டு இருக்காங்க. பிளான்லயே இல்லாத ஊர், அங்க அந்தக் கோட்டை வீட்டை வெளியில இருந்துதான் பார்க்க முடியும்னு நினைக்கிறேன். பரவாயில்ல, ஸோஃபியா டோரோதியா தினம் வண்டி ஓட்டிட்டுப் போன ரோடாவது இருக்கும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, பஸ் கம்மி, காலையில சீக்கிரமே கிளம்பறோம்.